வியாழக்கிழமைக் கூட்டத்தை நிறுத்திவிடாதீர்கள்: எங்கள் பங்கு அருட்பணிப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், அருட்பணிப் பேரவையின் துணைத்தலைவர், செயலர், பொருளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இயேசுவின் இனிய நாமத்தில் வணக்கம்.

போன ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் வாசித்த அறிவிப்பைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கிற சிறு குழுவைத்தான் அன்பியம் என்கிறோம். வீடுகளில் வாரந்தோறும் நடக்கும் அந்த அன்பியக் கூட்டங்களை நிறுத்திவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எல்லா அன்பியங்களையும் கோவில் மண்டபத்தில் ஒன்றாகக் கூட்டலாம், நடுவில் செய்தி சொல்ல வாட்ஸ்அப் குழு போதும் என்று பேரவையில் பேச்சு வந்திருக்கிறது. அடுத்த மாதம் முடிவாகும், கருத்து உள்ளவர்கள் எழுதித் தரலாம் என்றீர்கள். எழுதித் தருகிறேன். நம் பங்கு மக்கள் எல்லாரும் வாசிக்கட்டும், இதே யோசனையில் இருக்கும் வேறு பங்குகளும் வாசிக்கட்டும் என்று திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

உங்கள் காரணங்கள் எனக்குத் தெரியாதவை இல்லை. எங்கள் அன்பியத்துக்கு 11 ஆண்டு ஒருங்கிணைப்பாளராக இருந்தவள் நான். 32 குடும்பத்தில் எட்டுப் பேர் வருவார்கள். அந்த எட்டில் ஏழு பேர் பெண்கள். ஆண்கள் கடலில், இல்லாவிட்டால் வலைக்கூடத்தில், இல்லாவிட்டால் வெளிநாட்டில். பிள்ளைகளுக்கு டியூஷன். வாசிப்பு, மௌனம், பகிர்வு, செபம் என்று போகிற ஏழு படி முறையில் நற்செய்தி வாசிக்கத் தொடங்கினால் மூன்றாவது படியிலேயே ஒருத்தி கொட்டாவி விடுவாள். பகிர்வு நேரத்தில் போன வாரம் சொன்ன அதே இரண்டு பேர்தான் இந்த வாரமும் பேசுவார்கள். சில நாள் நானே, இன்றைக்கு மழை பெய்தால் நல்லது, கூட்டம் இருக்காது என்று மனதுக்குள் நினைத்ததுண்டு. இவ்வளவும் உண்மை. ஆனாலும் அந்தக் கூட்டத்தை நிறுத்த வேண்டாம் என்று உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். ஏன் என்று சொல்ல, பழைய காயத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது.

2017 நவம்பர் 29, புதன்கிழமை. சாயங்காலம் வழக்கம்போல வள்ளங்கள் இறங்கின. இரவு வலை போட்டு விடியும்போது கரை பிடிக்கிறவர்கள். என் தம்பியும் போனான். மறுநாள் 30, வலை வீசிப் பிழைத்த திருத்தூதர் அந்திரேயாவின் திருநாள். கோட்டாறு சவேரியார் கோவிலில் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. விடிவதற்குள் காற்று பிடித்துவிட்டது. தென்னை முறிகிற சத்தமும் ஓடு பறக்கிற சத்தமும்தான் எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் புயலுக்கு ஒக்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதே பிறகுதான் தெரிந்தது. முன்கூட்டியே ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் எங்கள் ஆட்கள் ஒருவரும் இறங்கியிருக்க மாட்டார்கள்.

அன்று வியாழக்கிழமை. எங்கள் அன்பியம் கூடுகிற நாள்.

கரையில் நின்று கதறிக்கொண்டிருந்த எங்களிடம் வந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எத்தனை பேர், யார் யார், எந்த வள்ளம். அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. கன்னியாகுமரி மாவட்டம் முழுவதும் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கரண்டு இல்லை, செல்போனுக்கு டவர் இல்லை. நாளைக்கு எல்லாவற்றுக்கும் போதும் என்று நாம் சொல்கிற அந்த வாட்ஸ்அப், அன்றைக்கு ஒரு மணி நேரம்கூட உயிரோடு இல்லை.

இருட்டுகிற நேரத்தில் கோவில் மணி அடித்தது. அப்போதிருந்த பங்குத்தந்தை அன்பிய ஒருங்கிணைப்பாளர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருத்தர் கையிலும் அன்பிய நோட்டு இருந்தது. வருகைப் பதிவும் உண்டியல் கணக்கும் எழுதுகிற அதே கோடு போட்ட நோட்டுதான். பலிபீடத்து மெழுகுதிரியை எடுத்து வைத்து, வீடு வீடாகப் பெயர் சொல்லி எழுத ஆரம்பித்தோம்.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாவது தெருவில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டுப் பையன் வழக்கமாகப் போகிற வள்ளம் கரையில் பத்திரமாக நின்றது. பொண்டாட்டி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அதனால் அவன் தப்பினான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம். அப்போது ஒரு மாமி, எழுபது வயதிருக்கும், எழுத்துக் கூட்டி வாசிக்கக்கூடத் தெரியாது, எழுந்து நின்று சொன்னாள்: “நில்லுங்க மக்களே. அவன் போற வள்ளத்துக்கு எஞ்சின் பழுது. அவன் நேத்து வேற ஆளு வள்ளத்துல கூலிக்குப் போனான். பிள்ளை பிறக்கப்போவுது, கையில காசில்லன்னு போன வியாழக்கிழமை அவன் பொண்டாட்டி அழுதுகிட்டே செபிக்கச் சொல்லிச்சே, ஒங்களுக்கு நினைவில்லியா?”

எனக்கு நினைவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். மாமிக்கு நினைவிருந்தது. பெயர் பட்டியலில் ஏறியது. கேரளத்துப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவர்களில் அவனும் ஒருவன் என்று கண்டுபிடிக்க, நம் பையன்கள் கையில் கொண்டு போன அந்தப் பட்டியல்தான் உதவியது. அவன் பிள்ளைக்கு இப்போது நற்கருணை வகுப்பு நடக்கிறது. சனிக்கிழமை காலையில் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

பேரவை உறுப்பினர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். மாமி அன்றைக்கு எழுந்து நின்று சொன்ன அந்தச் செய்தி, புயல் வந்த பிறகு திரட்டியது இல்லை. ஒன்றும் விசேஷமில்லாத ஒரு வியாழக்கிழமை, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொட்டாவிக்கு நடுவில் காதில் விழுந்தது. மண்டபத்தில் முந்நூறு பேருக்கு முன்னால் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, என் வீட்டில் காசில்லை என்று எந்தப் பெண் சொல்வாள்? வாட்ஸ்அப் குழுவில் எழுதுவாளா? கட்டன்சாயா ஆறிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வாள்.

என் தம்பி வரவில்லை.

அதன் பிறகு வந்த நாட்களை நான் அதிகம் எழுதப் போவதில்லை. மகாராஷ்டிரத்துத் தேவ்கட்டில் கரை ஒதுங்கியிருக்கிறார்கள், இலட்சத்தீவில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி வரும். நம் ஆட்கள் நிறையப் பேர் அப்படி உயிரோடு திரும்பவும் செய்தார்கள். அதனால் யாரையும் செத்தவர் என்று சொல்ல முடியாது. உயிரோடு இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் ராத்திரி அன்பியத்துப் பெண்கள் தம்பி வீட்டில் கூடினார்கள். செபமாலை முடிந்து, மாதாவை ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழைக்கிற மாதாவின் பிரார்த்தனை சொன்னோம். இனி என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. இறந்த வீட்டில் சொல்கிற “நித்திய இளைப்பாற்றியை” தொடங்கலாமா? தொடங்கினால் அவனைச் சாகடித்ததாக ஆகாதா? சொல்லாமல் விட்டால், அவன் ஆன்மா எங்காவது தவித்துக்கொண்டிருந்தால்? தம்பி பொண்டாட்டி எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் இருந்த மௌனத்தை நான் இதுவரை வேறெங்கும் கேட்டதில்லை. கடைசியில் அதே மாமிதான், பிரார்த்தனையில் ஏற்கனவே சொல்லி முடித்த ஒரு வரியைத் திரும்ப எடுத்தாள்: “விடியற்காலத்தின் நட்சத்திரமே.” நாங்கள் எல்லாரும் சொன்னோம்: “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.” திரும்பவும் சொன்னாள். திரும்பவும் சொன்னோம். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கடலில் திசை தெரியாமல் கிடப்பவனுக்கும் அது பொருந்தும், கண்ணை மூடிவிட்டவனுக்கும் அது பொருந்தும். எந்த இறையியல் படிப்பும் இல்லாத ஒரு கிழவி, எங்களைக் கரை சேர்த்த இடம் அது.

அந்த நாட்களில் என்னால் செபிக்க முடியவில்லை. இதை ஒருங்கிணைப்பாளராக இருந்துகொண்டு அப்போது யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். வாயில் வார்த்தை வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. கடலைப் படைத்தவரிடம் எனக்குக் கோபம். கிட்டத்தட்ட ஜனவரியில் வரும் திருக்காட்சித் திருநாள் வரைக்கும் அப்படித்தான். மாற்கு நற்செய்தியில் முடக்குவாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து, ஆண்டவர் முன்னால் இறக்கினார்கள் என்று வாசிக்கிறோம். அங்கே இயேசு பார்த்தது அவர்களுடைய நம்பிக்கையை என்று எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் நம்பினானா இல்லையா என்று ஒரு சொல் இல்லை. பல வருடம் கேட்ட வாசகம்தான். நான் படுக்கையில் கிடந்தபோதுதான் அந்த நான்கு பேர் யார் என்று எனக்கு விளங்கியது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கஞ்சியும் பயறும் தூக்குவாளியில் கொண்டு வந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வாசல்படியில் உட்கார்ந்து செபமாலை சொல்லிவிட்டுப் போனார்களே, அவர்கள்தான். நான் விட்ட இடத்தில் அவர்கள் என் பங்குக்கும் சேர்த்து நம்பினார்கள்.

தனியாகவும் செபிக்கலாமே, கடவுள் எங்கும் இருக்கிறாரே என்று இளையவர்கள் கேட்கிறார்கள். செபிக்கலாம். செபிக்க முடிகிற வரைக்கும் செபிக்கலாம். முடியாமல் போகிற நாளுக்குத்தான் ஆட்கள் வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு நம்மைத் தயாரிக்கிற திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு அந்த ஆண்டு டிசம்பர் 3. ஊரில் ஒரு வீட்டிலும் நட்சத்திரம் தொங்கவில்லை, குடில் கட்டவில்லை. அடுத்த வியாழன், 7ஆம் தேதி, தூத்தூர் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்து போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் பிள்ளைகளைத் தேடுங்கள் என்பது மட்டும்தான் கோரிக்கை. சாமியார்களும் கன்னியர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு பேரை ஒரு கட்சி திரட்டவில்லை. ஞாயிறு தோறும் ஒன்றாக முழந்தாளிட்டுப் பழகியவர்கள் ஒன்றாக எழுந்து நடந்தார்கள். காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடுவுக்குக் காத்திராமல் குடும்பங்களுக்கு நிவாரணம் வந்ததற்கு, பங்குகள் எழுதிக் கொடுத்த பட்டியல்களும் அந்த நடையும் காரணம் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றும் அந்தத் திருவருகைக் காலத்தில் நடந்தது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாலியறுத்தவளை நல்ல காரியத்தில் முன்னால் நிறுத்த மாட்டோம். திருவருகைக் காலத்தில் வாரம் ஒன்றாக ஏற்றுகிற மெழுகுதிரிகளில், மூன்றாம் வாரத்து ரோஸ் நிற மெழுகுதிரியை யார் ஏற்றுவது என்று பேச்சு வந்தபோது, எங்கள் அன்பியத்துப் பெண்கள் என் தம்பி பொண்டாட்டியைத்தான் ஏற்றச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றாள். ஒருத்தி அவள் கையில் தீப்பெட்டியைத் திணித்து, “நீ ஏத்தலேன்னா இந்த வருசம் அது எரியாமலே இரிக்கட்டும்” என்றாள். ஏற்றினாள். கை நடுங்கி மூன்று குச்சி அணைந்தது. நான்காவதில் பற்றியது. இன்றைக்கு அவள் இரண்டு அன்பியங்களுக்குப் பொறுப்பாளர். பேரவையில் உங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறாள், அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

நம் சமூகம் எல்லாக் கஷ்டகாலத்திலும் நன்றாக நடந்துகொண்டது என்று நான் எழுதினால் அது பொய். சிறு வயதில் பார்த்தது இருக்கட்டும், சில வருடங்களுக்கு முன்னால் நடந்ததையே சொல்கிறேன். என் சித்தி மகளைக் கட்டிக்கொடுத்த ஊர், வேறு ஒரு பங்கு. பெயர் வேண்டாம். அவள் மாமனார் இறந்தார். கோவில் வரி மூன்று வருடம் பாக்கி, அதைக் கட்டினால்தான் அடக்கத்துக்கு மணி அடிக்கும் என்று கமிட்டிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். சித்திரை மாத வெயில். காலையில் எடுக்க வேண்டிய உடம்பு மதியம் மூன்று மணி வரை பந்தலில் கிடந்தது. என் சித்தி மகள் தன் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துப் பணம் புரட்டினாள். அந்த மூன்று வருடமும் அந்த மனிதர் வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். கமிட்டியில் ஒருவருக்கும் அது தெரியாது. அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டு நடையை அவர்கள் மிதித்ததில்லை. அந்த ஊரில் அன்பியம் பெயருக்குத்தான் இருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை விழா, ஒரு பேனர், ஒரு சாப்பாடு. இன்று அந்தக் குடும்பம் கோவிலுக்குப் போவதில்லை. வேறு ஒரு செபக்கூட்டத்தார் வந்து, மூன்று நாள் சோறு ஆக்கிப் போட்டு, கூட இருந்தார்கள். அவர்களோடு போய்விட்டார்கள். அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

துன்பத்தில் கிடப்பவரிடம் போய், ஏதோ பாவம் செய்திருப்பாய், அதுதான் ஆண்டவர் தண்டித்தார் என்று வேதம் பேசுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். விவிலியத்தில், எல்லாவற்றையும் இழந்து கிடந்த யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாளும் ஏழு இரவும் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகு எல்லாம் கெட்டது. அந்த ஏழு நாளை நாமும் கற்றுக்கொள்ள வேண்டும். அதையும் மண்டபத்தில் வகுப்பெடுத்துச் சொல்லித்தர முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வரும்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஐ வயதானவர்கள் மறந்திருக்க மாட்டோம். கிறிஸ்துமஸ் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் என்ன நடந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. மணக்குடிப் பாலத்தையே அலை பெயர்த்துக் கொண்டு போனது. அப்போது நம் கோவில் மண்டபத்தில் தங்கியவர்களுக்குச் சோறு வந்தது எங்கிருந்து? உள்நாட்டுப் பங்குகளிலிருந்து. கடற்கரைக்காரன், உள்நாட்டுக்காரன் என்று நமக்குள் இருந்த விரிசல் எவ்வளவு ஆழம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த விரிசலைத் தாண்டி அரிசி மூட்டையும் தேங்காயும் மரச்சீனிக் கிழங்கும் வந்தன. கொண்டு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர், தங்கள் அன்பியத்தில் வீட்டுக்கு ஒரு படி என்று வசூலித்துக் கொண்டு வந்ததாகச் சொன்னார்கள். அதற்குப் பதில் சொல்கிற மாதிரி, ஒக்கி முடிந்து ஒன்பது மாதத்தில், 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, கடற்கரைக்காரர்கள் லாரியில் வள்ளத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். கடலைத் தவிர வேறு தண்ணீரில் வள்ளம் ஓட்டியிராத பையன்கள், யாருடைய வீட்டுக் கூரையிலிருந்தோ யாருடைய தாயையோ தோளில் சுமந்து இறக்கினார்கள். தங்கள் வீட்டுத் துக்கம் காயாத நேரத்தில் போனார்கள்.

விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தை ஒரு தடவை உட்கார்ந்து வாசியுங்கள் என்று கேட்கிறேன். கடற்கரைக்காரர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. பவுல் போன கப்பல் பதினான்கு ராத்திரி புயலில் கிடக்கிறது. கதிரவனும் விண்மீனும் பல நாள் தெரியவில்லை. கப்பலில் 276 பேர். கப்பலோட்டிகள் நங்கூரம் இறக்குகிற சாக்கில் சின்னப் படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பப் பார்க்கிறார்கள். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று பவுல் படைவீரர்களிடம் சொல்கிறார். அப்புறம் எல்லார் முன்னாலும் அப்பத்தை எடுத்து, நன்றி சொல்லி, பிட்டு உண்கிறார். அதைப் பார்த்து மற்றவர்களும் தெம்பு வந்து சாப்பிடுகிறார்கள். கப்பல் உடைந்துதான் போகிறது. நீந்தத் தெரிந்தவர் நீந்தினார், தெரியாதவர் பலகையைப் பிடித்துக்கொண்டார், 276 பேரும் கரை சேர்ந்தார்கள். இந்த அதிகாரத்தைத் தம்பி போன பிறகு நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். எங்களுக்கு 276 பேரும் திரும்பவில்லை. அந்தக் கணக்கு எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் புயலுக்கு நடுவில் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க ஒருவர் இருந்தார் என்ற இடம் மட்டும் ஒவ்வொரு தடவையும் என்னைப் பிடித்து நிறுத்துகிறது.

கொரோனா காலத்தைச் சொல்லி, அப்போது கோவிலே மூடியிருந்தது, எல்லாம் போனில்தானே நடந்தது என்று கேட்கிறீர்கள். ஆமாம், 2020 ஏப்ரல் 12 உயிர்ப்புப் பெருவிழாவை நாம் போனில்தான் பார்த்தோம். போனில் பார்த்தது நமக்கு உதவியது, மறுக்கவில்லை. ஆனால் வாசல் கதவில் பையைத் தொங்கவிட்டுப் போனது யார்? கபசுரக் குடிநீர் காய்ச்சி, காய்ச்சல் வந்த வீடுகளுக்குத் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிட்டது யார்? அந்த நேரத்தில் ஈரானில் மீன்பிடிக்கப் போன நம் பிள்ளைகள் வேலையும் சாப்பாடும் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜூலை முதல் தேதி கடற்படைக் கப்பல் ஜலஷ்வா, பந்தர் அப்பாசிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டு வந்து இறக்கிய வரைக்கும், அந்தப் பெண்கள் எப்படி நாளைக் கழித்தார்கள்? யார் வீட்டுக்காரர் ஈரானில், யார் வீட்டில் அரிசி இல்லை, யார் கடன்காரனுக்குப் பயந்து கதவை அடைத்திருக்கிறாள் என்று தெரிந்த பத்துப் பெண்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். போன் அவர்கள் கையில் ஒரு கருவியாக இருந்தது. முன்பே பழகியவர்களுக்குள் அது வேலை செய்தது.

1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆயர்கள், திருச்சபை சிறு சமூகங்களின் கூட்டமைப்பாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள் என்று பயிற்சி முகாமில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆயர்கள் காகிதத்தில் எழுதியதை நம் தெருவில் மாமிகள் பாய் விரித்து நடத்திக் காட்டினார்கள். அதைப் பெரிய கூட்டமாக்கினால் கணக்குக்கு நன்றாக இருக்கும். முந்நூறு பேர் வந்தார்கள் என்று ஆயரில்லத்துக்கு அறிக்கை அனுப்பலாம். ஆனால் முந்நூறில் ஒருத்தி வராவிட்டால் யாருக்கும் தெரியாது. எட்டுப் பேரில் ஒருத்தி வராவிட்டால் கூட்டம் முடிந்ததும் ஒருத்தி போய் அவள் கதவைத் தட்டுவாள்.

ஆகவே நான் கேட்பது இது. கூட்டம் வீடுகளிலேயே இருக்கட்டும், வாரந்தோறும் இருக்கட்டும். வியாழன் ஒத்துவராவிட்டால், ஆண்கள் கடலுக்குப் போகாத ஞாயிறு சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். ஏழு படியும் முடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்துங்கள். நற்செய்தி வாசித்து, யாருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டு, செபித்து, முக்கால் மணி நேரத்தில் முடித்தால்கூடப் போதும். வாட்ஸ்அப் குழுவும் இருக்கட்டும், காற்று எச்சரிக்கையும் வள்ளங்களின் விவரமும் அதில் வரட்டும். ஆனால் கோடு போட்ட நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பேரவை உறுப்பினர் ஒவ்வொருவரும் தாங்கள் குடியிருக்கும் தெருவின் அன்பியத்தில் மாதம் ஒரு முறையாவது வந்து பாயில் உட்காருங்கள். கைம்பெண்கள் வீட்டிலும் நீண்ட நோயாளிகள் வீட்டிலும் கோவில் வரி கேட்பதில்லை என்று இந்தக் கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் போடுங்கள். வரிப் பாக்கிக்காக நம் ஊரில் எந்த உடம்பும் வெயிலில் கிடக்கக் கூடாது.

பங்குத்தந்தை அவர்களே, நீங்கள் நம் ஊருக்கு வந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. ஒக்கியின்போது நீங்கள் இங்கே இல்லை. அந்த மாமி இப்போது படுக்கையில் இருக்கிறாள். பேச்சு குறைந்துவிட்டது. அவளால் கூட்டத்துக்கு வர முடியாததால் நாங்கள் கூட்டத்தை அவள் வீட்டுக்குக் கொண்டு போகிறோம். வருகிற வியாழன் சாயங்காலம் ஏழு மணிக்கு, சிலுவை நிற்கிற குருசடிக்கு வடக்கே மூன்றாவது வீடு. ஓடு போட்ட வீடு, வாசலில் பழைய வலை காயும். முடிவெடுக்கும் முன்னால் பேரவை உறுப்பினர்களோடு நீங்களும் ஒரு தடவை வர வேண்டும். இடம் குறுகல்தான், நெருக்கி உட்காரலாம். மாதாவின் பிரார்த்தனை சொல்லும்போது “விடியற்காலத்தின் நட்சத்திரமே” என்ற இடத்தில் மட்டும் மாமி உதட்டை அசைப்பாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும்.

கிறிஸ்துவில்,
உங்கள் பங்கின் மகள்,
அன்பிய முன்னாள் ஒருங்கிணைப்பாளர்